மைப்பொட்டு

இந்த அறையில் நானும் அதுவும் மட்டும் இருக்கிறோம். அதன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை, காலையில் மேடம் போனில் தெளிவாகத்தான் சொன்னார், "இசை, நீ அந்த ஹாலை விட்டு நகராத, ஈவினிங் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது." தொடக் கூடாது என்றுதான் சொன்னார், கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஆகவே நான் எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன், அங்கே மற்ற படங்கள் தொங்கிய இடங்களில் ஆணிகள் இருக்கின்றன, ஆணிக்குக் கீழே பெயர்ச்சீட்டுகள் அப்படியே ஒட்டியிருக்கின்றன. வாடகை வீடு, படுக்கையறை. வாடகை வீடு, மாடிப்படி. நிஜப் படங்களை எல்லாம் பாதுகாப்புக்காக ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். போலிதான் வெளியே இருக்கிறது, அதற்கு முன்னால்தான் கயிறு கட்டியிருக்கிறது, அதற்காகத்தான் ஏ.சி. ஓடுகிறது. மூன்று நாள் முன்னால்வரை இதே நாற்காலியில் இதே மாதிரி முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் பையைப் படத்தில் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன், அப்போதும் நான் போலியைத்தான் காவல் காத்தேன், தெரியாமல் காத்தேன், இன்று தெரிந்து காக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இல்லை, அவ்வளவு மட்டும் இல்லை. இசை என்பது என் பெயரும் இல்லை. இசக்கியம்மாள். வேலைக்கு எடுத்த அன்று மேடம் என் சான்றிதழைப் பார்த்து இரண்டு தரம் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, "இசைன்னு கூப்பிடட்டுமா, க்ளையன்ட்ஸுக்கு ஈஸியா இருக்கும்," என்றார், நான் சரி மேடம் என்றேன், எதைக் கேட்டாலும் சரி மேடம் என்றுதான் அன்று சொல்லியிருப்பேன். கோவில்பட்டியில் அப்பா, மகள் சென்னையில் படம் வைக்கிற ஆபீசில் இருக்கிறாள் என்று தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், அவர்கள் அதை ஸ்டுடியோ என்று புரிந்துகொண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு அனுப்புகிறார்கள்.

கண்காட்சி திறந்த மூன்றாம் நாள் மதியம், அதாவது முந்தாநாளுக்கு முந்தின நாள், தேவசேனா அம்மா வந்தார். இந்தப் படங்களை வரைந்தவர். முட்டி வலியால் திறப்பு விழாவுக்கு வர முடியாமல், கூட்டம் ஓய்ந்த ஒரு மதியத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார், மேடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார், ஒவ்வொரு படமாக நின்று நின்று பார்த்தார், தான் வரைந்ததைப் பார்க்கிற மாதிரி இல்லை, ஹாஸ்டலில் விட்ட பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவர் மாதிரி. இந்தப் படத்துக்கு எதிரே வந்ததும் நின்றார். வாடகை வீடு, சமையலறை. ஒரு காலண்டர் அளவுதான் இருக்கும், வெறும் அடுப்பு மேடை, ஜன்னல் வெளிச்சம், காலி செய்துவிட்டுப் போனவர்கள் விட்டுப்போன ஒரு கரித்துணி. இடது கீழ் மூலையில் விரலை வைத்தார், எடுத்து விரல் நுனியைப் பார்த்தார், மறுபடி வைத்து அழுத்தித் தேய்த்தார், மறுபடி பார்த்தார், பிறகு சாதாரணமாக, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி, "இது என் பிள்ளை இல்ல," என்றார். மேடம் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், வயசானவர்கள் விலையைப் பற்றிப் பேசும்போது மேடம் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் அம்மா நகரவில்லை. கடைசியில் படத்தை இறக்கி முதுகைத் திருப்பிப் பார்த்தபோது துணி புதுசாக இருந்தது, மற்ற படங்களின் முதுகெல்லாம் பழுப்பு, இது மட்டும் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் சட்டை மாதிரி. போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் அமைதியான ஆள், கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டே கேட்டார், "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" அம்மா, "மை ஒட்டல," என்றார். இன்ஸ்பெக்டர், "மை காய்ஞ்சிருக்கும்மா," என்றார். கான்ஸ்டபிள் சிரித்தார், மேடமும் கொஞ்சம். அம்மா எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட சொல்லிப் புரியவைக்க எனக்கு முட்டில தெம்பு இல்ல," என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மை காய்ந்திருக்கும் என்ற வார்த்தை என் காதுக்குள் ஒரு மீன்முள் மாதிரி நின்றுவிட்டது, ஏன் என்று அப்போது தெரியவில்லை, இன்று காலைவரைகூடத் தெரியவில்லை. தெரியாமல் இருந்த அந்த இரண்டு நாட்கள் நல்ல நாட்கள்.

முள்ளாக நின்றதற்குக் காரணம், எனக்கு அந்த மை கண்மை. படங்களை எடுத்துவர அம்மாவின் வீட்டுக்கு நானும் தயாளன் அண்ணனும்தான் போனோம், அண்ணன்தான் இங்கே பேக்கிங், ஆணி, வண்டி எல்லாம். ஒவ்வொரு படத்தையும் துணியில் சுற்றுவதற்கு முன்னால் அம்மா, "இரு இரு," என்று நிறுத்தி, தன் கைப்பையிலிருந்து சின்ன மை டப்பாவை எடுத்து, தான் கண்ணுக்குத் தீட்டுகிற அதே மை, மோதிர விரலால் தொட்டு, இடது கீழ் மூலையில் ஒரு பொட்டு வைத்தார். "வெளியூர் போற பிள்ளைக்குக் கன்னத்துல வைக்காம அனுப்புவாங்களா? எத்தனை கண்ணு படும்," என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தயாளன் அண்ணன், "எனக்கும் ஒண்ணு வைங்கம்மா, வூட்ல ஏற்கெனவே கண்ணு பட்டுக்கினுதான் கீது," என்று குனிந்து கன்னத்தைக் காட்ட, அம்மா நிஜமாகவே வைத்துவிட்டார். படங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பிடித்துத் துணி சுற்றியதில் அண்ணனின் வெள்ளைச் சட்டையில் கறுப்பு கறுப்பாகத் தீற்றல், கண்மை அப்படித்தான், எத்தனை நாள் ஆனாலும் தொட்டால் கொஞ்சம் வந்துவிடும், எண்ணெயில் குழைத்தது எப்படிக் காயும். வண்டியில் வரும்போது அண்ணன் சட்டையைக் காட்டி, "வூட்டுக்குப் போனா எவ மைடா இதுன்னு கேப்பா, நீதான் சாட்சி பாப்பா," என்றார். நான் சாட்சி சொல்கிறேன் அண்ணே என்றேன், விளையாட்டாகத்தான் சொன்னேன், இன்று காலையில் ஸ்டோர் ரூம் சாவி உன்னிடம்தானே இருந்தது என்று கேட்டு அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், அவர் போகும்போது என்னைப் பார்த்தார், சாவி இன்னொன்று என்னிடமும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் சொல்லாததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து நின்றுவிட வேண்டும் போல இருக்கிறது, எழுந்து நின்று என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருக்கிறேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே படியில் கன்னியம்மா அக்கா உட்கார்ந்திருக்கிறார். தயாளன் அண்ணனின் மனைவி. மதியம் வந்தவர் இன்னும் போகவில்லை, மடியில் எவர்சில்வர் தூக்கு, வெயில் நகர நகர அவரும் நிழலோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறார். கதவைத் திறந்து உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். "வாணாம்மா, உள்ள பொருளு கிது இருக்கும், அப்பறம் அதுக்கும் எங்களத்தான் கேப்பாங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடைமுறை சொல்கிற மாதிரி சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "ஸ்டேஷன்ல சோறு வாங்க மாட்டேன்ட்டாங்க. சுகர் மாத்திரை போட்டுக்கினு துன்னாம கீறாரு. மேடம் வந்தா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு பாப்பா. மேடம் சொன்னா வுட்ருவாங்க." நான் சொல்கிறேன் அக்கா என்றேன். மேடம் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும், மேடத்துக்கு இது சீக்கிரம் முடிய வேண்டும், யாரோ ஒருவரோடு முடிய வேண்டும், தயாளன் அண்ணன் இருபது வருடமாக இங்கே இருப்பவர் என்பதால் மேடத்துக்கு வருத்தம்கூட இருக்கிறது, "ஐ ஃபீல் ஸோ பேட்," என்று காலையில் போனில் சொன்னார், பிறகு அதே மூச்சில், "இன்ஸ்பெக்டர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு இசை, எக்ஸ்ட்ரா எதுவும் வேண்டாம்," என்றார். எக்ஸ்ட்ரா. எனக்குத் தெரிந்தது எல்லாமே எக்ஸ்ட்ராதான். கேட்கிற கேள்விகளில் எதற்கும் அது பதிலாக வராது. படம் எப்போது வந்தது, யார் இறக்கினார்கள், யார் மாட்டினார்கள், சாவி யாரிடம், இதைத்தான் கேட்பார்கள், நான் பொய் சொல்லாமலே பதில் சொல்லி முடித்துவிட முடியும், அந்த வழி திறந்தே கிடக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

காலையில்தான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று போகவில்லை, கயிறு தளர்ந்திருந்தது, இழுத்துக் கட்டப் போனேன், ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து அந்த மூலை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பொட்டு கறுப்பாக, வட்டமாக இருந்தது. ஆனால் ஓரங்கள் வட்டமாக இல்லை. ஓரத்திலிருந்து மெல்லிய கோடுகள், துணியின் இழை போகிற வழியிலெல்லாம் மேலும் கீழும் பக்கவாட்டிலும், பூச்சிக்குக் கால் முளைத்த மாதிரி. எனக்கு அது பழகின கறை. ஒன்பதாவது படிக்கும்போது பேனா கசிந்து யூனிபார்ம் பாக்கெட்டில் இப்படித்தான் பரவியது, என் அம்மா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகாமல் அந்த வருடம் முழுக்க இடது கையால் பாக்கெட்டை மறைத்துக்கொண்டே நடந்தேன். கண்மை இழையோடு ஓடாது. மேலே அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது ஓடியிருக்கிறது. இது எழுதுகிற மை, படம் வரைகிறவர்கள் சீசாவில் வாங்குகிறார்களே அந்தக் கறுப்பு மை. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் சொன்னது என் காதுக்குள் மறுபடி கேட்டது, மை காய்ஞ்சிருக்கும்மா. அவரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். மை என்றால் அவருக்கு அந்த மை. நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன், யோசிக்கவில்லை, யோசனை தானாகவே நடந்தது, யாரோ எனக்குள் கணக்குப் போட்டு எனக்குக் காட்டுகிற மாதிரி. தயாளன் அண்ணன் செய்திருந்தால் அங்கே கண்மை இருந்திருக்கும், கன்னத்திலேயே வாங்கிக்கொண்டவர். ஒன்றும் தெரியாதவன் அச்சில் வந்த படத்தைப் பார்த்துச் செய்திருந்தால் பொட்டே இருந்திருக்காது, அழைப்பிதழிலும் கேட்டலாகிலும் பொட்டு கிடையாது, டிசைன் செய்தவர்கள் தூசி என்று நினைத்து எல்லாப் படத்திலும் துடைத்துவிட்டார்கள். அப்படியென்றால் இதைச் செய்தவன் நிஜப் பொட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்று யாரோ வாயால் சொல்லக் கேட்டிருக்கிறான். மை என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறான், சொன்னவளுக்கு அது ஒன்று, கேட்டவனுக்கு அது வேறு.

சொன்னவள் நான்தான். சவரியிடம் சொன்னேன். பஸ் ஸ்டாப்பை ஒட்டின டீக்கடையில், சாயங்காலம், அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று. "பாரேன், அம்மா ஆசையா வச்ச மைப்பொட்டெல்லாம் தூசின்னு எடுத்துட்டானுங்க," என்று அழைப்பிதழை நீட்டினேன். அவன் டீயைக் கீழே வைத்தான். "என்ன பொட்டு?" என்றான். "மைப்பொட்டு. எல்லாப் படத்துலயும் கடைசியா வைப்பாங்க." "எந்தப் பக்கம்?" இடது பக்கம், கீழே. "எவ்ளோ பெருசு?" மிளகு அளவு. திருஷ்டி என்று நான் சொல்லவில்லை, கண் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, யாருக்குத்தான் தெரியாது. அவன் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நான் சொல்கிற ஒன்றை ஒரு ஆள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறான். இந்த ஊரில் நான் பேசுவதெல்லாம் சரி மேடம், வணக்கம் சார், பையை இங்கே வைத்துவிட்டுப் போங்கள். நான் தங்கியிருக்கிற அறையில் மற்ற பெண்கள் ஐ.டி.யில் இரவு வேலை, அவர்கள் வரும்போது நான் கிளம்புவேன், ஒருவர் படுக்கையின் சூட்டை ஒருவர் தெரிந்துகொள்கிறோமே தவிர முகம் மறந்துவிடும். சவரிதான் முதல் நாள், வேறொரு ஓவியரின் பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவன், கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "இசையா? நம்பற மாதிரி இல்லையே," என்றான். இசக்கியம்மாள் என்றேன். "அப்படிச் சொல்லு. மூஞ்சில இசக்கி அம்மன் கோபம் தெரியுது, நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்." அன்றிலிருந்து என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள். பெரிய ஓவியர்களுக்குக் கை அவன், அவர்கள் கோடு போட்டுக் கொடுப்பார்கள், இவன் நிறைப்பான், சில நேரம் கோடும் இவனே. கம்ப்யூட்டரில் சமையலறைப் படத்தின் பெரிய கோப்பு இருந்தால் அனுப்பு, நல்லா பாக்கணும் என்றான், அனுப்பினேன், அதிலும் பொட்டு இல்லை. பிறகு ஒரு மதியம் எனக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு இங்கே வந்தான், தோளில் எப்போதும் இருக்கும் அந்த அகலப் பை, தயாளன் அண்ணன் வெளியே போயிருந்தார், மாட்டுவதற்கு முன்னால் படங்களை அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில் இருவரும் உட்கார்ந்தோம், மேலேயிருந்து மேடம் கூப்பிட்டார், நான் போனேன், திரும்பி வந்தபோது அவன் எனக்கு இலையைப் பிரித்து வைத்து, தான் சாப்பிடாமல் காத்திருந்தான். காத்திருந்தான் என்று நினைத்தேன். அன்று இரவு அந்த இலையை நினைத்துக்கொண்டு தூங்கினேன், இன்று அந்த இலையை எங்கே கொண்டுபோய் வைப்பது. திறப்பு விழாவில் சமோசாவைக் கடித்துக்கொண்டு இந்தப் படத்துக்கு எதிரேதான் ரொம்ப நேரம் நின்றான். "இசக்கி, இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு?" நான் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கவனமாகத்தான் பார்த்தேன், இதைக் காட்டினேன். அவன் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

போன் அதிர்ந்தபோது அவன்தான் என்று பார்க்காமலே தெரிந்தது, மதியமானால் அவன் கூப்பிடுவான். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன். "இசக்கி, சாப்டியா?" இல்லை. "ஏன், கஞ்சா கேஸு மாதிரி உக்காத்தி வச்சிருக்காங்களா? வந்து சாப்பாடு தரவா?" வேண்டாம் என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது, என் குரல். என்ன கேட்பது என்று தயார் செய்துகொள்ளவில்லை, ஏதோ சும்மா பேசுகிற மாதிரி, "சவரி, சின்னப் பிள்ளைக்குக் கன்னத்துல திருஷ்டிக்குப் பொட்டு வைப்பாங்கல்ல, அது எதுலன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "எதுல? ஸ்கெட்ச் பேனாவா?" என்று சிரித்தான், "எனக்கென்ன தெரியும், எங்க ஹாஸ்டல்ல நெத்தியில பொட்டு வச்சுட்டு வந்தாலே பிரதர் பிரம்ப எடுப்பாரு. அப்பறம் கன்னத்துல வேற வைக்கிறதா." அவன் ஐந்து வயதில் அந்தச் சர்ச் ஹாஸ்டலுக்குப் போனவன், பையன்கள் மட்டும் இருக்கிற இடம், அதற்கு முந்தின வீட்டைப் பற்றி அவன் பேசியதில்லை. நான், "கண்மைல," என்றேன். "கண்ணுக்குப் போடற மை. அதான் மைப்பொட்டு."  பின்னால் ஏதோ ஒரு பட்டறையின் சத்தம் கேட்டது, யாரோ சட்டத்தில் ஆணி அடிக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அதற்கு நடுவில் அவன் புரிந்துகொள்வதை நான் கேட்டேன், ஒரு ஆள் புரிந்துகொள்வதற்குச் சத்தம் உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது. பிறகு, "ஏன் கேக்குற?" என்றான். சும்மாதான். "போலீஸ் என்ன கேட்டாங்க?" இன்னும் என்னைக் கேட்கவில்லை, சாயங்காலம் கேட்பார்கள் என்றேன். "தயாளன் அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க சவரி. அவர் வீட்டம்மா வாசல்ல உக்காந்திருக்காங்க." ஆணி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது, அல்லது அவன் வெளியே வந்துவிட்டான். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன், நான் வந்து சொல்லிவிடுகிறேன் என்று சொல்லலாம், எனக்கு ஒன்றும் தெரியாது என்றுகூடச் சொல்லலாம், நம்பியிருப்பேன், கொஞ்ச நேரமாவது நம்பியிருப்பேன். அவன், "அவர விட்டுருவாங்க இசக்கி, ரெண்டு நாள் வச்சுட்டு விட்டுருவாங்க," என்றான். இதை அவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறான். அது தெரிந்த பிறகு நான் போனை வைத்தேனா அவன் வைத்தானா என்று தெரியவில்லை.

ஏன் செய்தான் என்று யோசித்துப் பார்க்கிறேன், காரணம் கிடைத்தால் ஏதாவது குறையும் என்று. காசு இருக்கும். காசு மட்டும் இருக்காது. என் கை பட்ட படம் எத்தனை பங்களாவில் தொங்குது தெரியுமா என்று ஒரு தரம் சொன்னான், பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை, பல் வலி பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னான். இந்த ஹாலில் இது தொங்கிய நாட்களில் எத்தனை பேர் வந்து தலையைச் சாய்த்து இதைப் பார்த்தார்கள், ஒரு பத்திரிகைக்காரர் இந்தச் சமையலறையில் மட்டும் அடுப்பு இன்னும் சுடுகிற மாதிரி இருக்கிறது என்று என்னிடமே சொன்னார், நான் அதையும் அவனிடம் சொன்னேன், ஓடிப்போய்ச் சொன்னேன். இப்போது திரும்பி அதைப் பார்க்கிறேன், மதியம் முழுக்கப் பார்க்காமல் இருந்ததை. நன்றாகத்தான் இருக்கிறது. மூலையைத் தவிர. மற்ற இடங்களிலெல்லாம் அவன் தேவசேனா அம்மாவின் கையை அப்படியே வாங்கியிருக்கிறான், வெளிச்சம், கரித்துணி, மேடையின் விரிசல், எல்லாம் கண்ணால் பார்த்து வாங்கினது. காதால் கேட்டு வாங்கின அந்த ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டான். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு நாள் அவன் கன்னத்தைப் பிடித்து மை தொட்டு வைத்திருந்தால் மாட்டியிருக்க மாட்டான். இப்படி நினைக்கக் கூடாது, இது அவனுக்காக நான் போடுகிற வக்கீல் வாதம், வாசலில் சுகர் மாத்திரைக்காரரின் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் என்ன ஆகும், அவன் சொன்ன மாதிரி ரெண்டு நாளில் விட்டாலும் தயாளன் அண்ணன் இந்தக் கதவுக்குள் மறுபடி வர முடியாது, வேறு எந்தக் கதவுக்குள்ளும் முடியாது, இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பேசினால் என்ன ஆகும், ஸ்டோர் ரூமில் அவனை உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனவள் நான், படக் கோப்பு அனுப்பியவள் நான், பொட்டு எந்தப் பக்கம் என்று சொன்னவள் நான். நீயும் கூட்டுத்தானே என்று கேட்பார்கள். கோவில்பட்டிக்கு ஒரு போன் போகும், அப்பா தீப்பெட்டி ஆபீசில் எல்லோர் முன்னாலும் எடுப்பார், ஸ்பீக்கரில்தான் அவர் எப்போதும் எடுப்பார், காது கொஞ்சம் மந்தம். இதெல்லாம் பயம்தான், நிஜமான பயம்தான், ஆனால் அடியில் கிடப்பது இதுகூட இல்லை, அடியில் இருப்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாளை மதியம் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வெளியே பைக் நிற்கிற சத்தம். இன்ஸ்பெக்டர் உள்ளே வருகிறார், பின்னால் கான்ஸ்டபிள், கதவு மூடுவதற்குள் கன்னியம்மா அக்கா எழுந்து நிற்பது தெரிகிறது, தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மேடம் வரவில்லை, டிராபிக். "நீதானம்மா இசை? உக்காரு உக்காரு." நான் நின்றுகொண்டே இருந்தேன். படம் எப்போது வந்தது என்று கேட்டார், சொன்னேன். யார் இறக்கினார்கள் என்று கேட்டார், சொன்னேன். சாவி தயாளனிடம் மட்டும்தானே என்றார். இல்லை சார், என்னிடமும் ஒன்று இருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்தார். "அவன் அதச் சொல்லலையே." "சொல்ல மாட்டார் சார்," என்றேன், அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை, எக்ஸ்ட்ரா எல்லாம் வந்தது, வாருங்கள் சார் என்று கயிற்றுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் மூலையைக் காட்டினேன், அம்மா சொன்ன மை இந்த மை இல்லை சார், கண்மை, தொட்டால் ஒட்டும், இது இங்க், பாருங்கள் இழையில் ஓடியிருக்கிறது, தயாளன் அண்ணனுக்கு அது கண்மை என்று தெரியும், அவர் சட்டையெல்லாம் ஆனது, அவர் செய்திருந்தால் இதை வைத்திருக்க மாட்டார். இன்ஸ்பெக்டர் குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். "என் பொண்ணுக்கும் வைப்பாங்க, தலகாணி ஒறையெல்லாம் கறுப்பு," என்று படத்திடமே சொன்னார். பிறகு நிமிர்ந்து, "சரி. அப்ப யாரோ அரைகுறையா கேள்விப்பட்டவன். இந்தப் பொட்டு விஷயம் நீ யார் யார்கிட்டலாம் சொன்ன?" என்றார். ஒருத்தரிடம்தான் சார் என்றேன். கான்ஸ்டபிள், "பொம்பளப் பிள்ளைங்க ஒரு விஷயத்த ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லி நான் கேள்விப்பட்டதே இல்ல," என்று சிரித்தார். இன்ஸ்பெக்டரும் கொஞ்சம் சிரித்து, "நல்லா யோசிச்சு சொல்லும்மா. ஃப்ரெண்ட்ஸு, ரூம்ல இருக்கறவங்க, வீட்ல, எல்லாத்தையும் யோசி. ஒருத்தர்தானா?" என்றார். நான் நன்றாக யோசித்தேன். அவர் கேட்டதற்காக நிஜமாகவே ஒவ்வொரு முகமாக யோசித்துப் பார்த்தேன், அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "எனக்கு இந்த ஊர்ல பேசறதுக்கு ஒருத்தர்தான் சார்," என்றேன். இருக்கிறார் என்றோ இருந்தார் என்றோ சேர்க்காமல் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். கான்ஸ்டபிள் சிரிப்பை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் முதல் முறையாக ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "பேரச் சொல்லும்மா," என்றார், மெதுவாகத்தான் கேட்டார். சொன்னேன். காதில் சரியாக விழவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்.